விண்ணப்பத்துக்கு முன் தேடுங்கள்: பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும் வழிகாட்டிப் பேராசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெருமக்களுக்கு,

வணக்கம். இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்ட்டுகளைக் காப்புரிமை விண்ணப்பங்களாக்க நீங்கள் காட்டும் அக்கறையை மதிக்கிறேன். ஆனால், அந்தக் கண்டுபிடிப்பு உண்மையிலேயே புதியதா என்று பார்க்கும் வேலையைக் காப்புரிமை அலுவலகப் பரிசோதகரிடமே விட்டுவிடும் வழக்கம் எனக்குக் கவலை தருகிறது. பரிசோதகரின் ஆட்சேபம் கைக்கு வரும்போது மாணவர் கல்லூரியை விட்டே போயிருப்பார்.

தேங்காய் மட்டை உரிக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். மாணவர் ஒரே ஒரு சொல்லைக் கூகுளில் இட்டுப் பார்த்து, அதே போன்ற கருவி கண்ணில் படவில்லை என்றதும் புதியது என்று முடிவுகட்டிவிடுகிறார். அதே கருவியை ஒருவர் மட்டை உரிப்பான் என்றும், மற்றொருவர் நார் நீக்கும் இயந்திரம் என்றும் எழுதியிருக்கக்கூடும் என்பதால்தான், பெயர் எதுவானாலும் ஒரே வகைக் கருவிகளை ஒரே எண்ணின் கீழ் சேர்க்கும் பன்னாட்டுக் காப்புரிமை வகைப்பாடு இருக்கிறது. அதில் தேங்காய்க்கான கருவிகள் ஏ23என் 5/03 என்ற பிரிவில் வருகின்றன. எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், நம் காப்புரிமை அலுவலகத்தின் இன்பாஸ் ஆகிய மூன்று காப்புரிமைத் தேடல் தளங்களும் கட்டணமில்லாதவை. அந்தப் பிரிவு எண்ணைக் கொண்டு தேடி, வரைபடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவர ஓரிரு நாட்கள் போதும்.

காப்புரிமை ஆவணங்களோடு தேடலை நிறுத்திக்கொள்ளவும் கூடாது. மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமை, இந்தியாவின் அறிவியல் மற்றும் தொழிலக ஆய்வுக் குழுமம் எதிர்த்து வாதிட்ட பின் 1997இல் ரத்தானது. அதற்குச் சான்றாக வைக்கப்பட்டவற்றில் பழைய வடமொழி நூல்களும், இந்திய மருத்துவச் சங்க இதழில் 1953இல் வந்த கட்டுரையும் இருந்தன. நம் பாட்டிமார் அறிந்திருந்த ஒன்றை அன்று எழுத்தில் காட்டித்தான் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. மூலிகை சார்ந்த ஆய்வுகளில் சித்த மருத்துவ நூல்களைப் புரட்டாமல் விண்ணப்பிப்பது பெரும் தவறு. பாரம்பரிய அறிவாக உள்ளதை நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(p) உட்பிரிவு கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை.

எவ்வளவு கவனமாகத் தேடினாலும் ஓர் இடைவெளி இருக்கும். விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதங்களுக்குப் பிறகே வெளியிடப்படுவதால், அண்மையில் பிறர் தாக்கல் செய்தவை நம் கண்ணில் படா. ஆகவே தாக்கலுக்குச் சற்று முன்பும், வெளியீட்டுக் காலம் கழிந்த பின்பும் மீண்டும் தேடச் சொல்லுங்கள்.

இதைவிட வேதனையானது, மாணவரின் சொந்த வெளியீடே அவருடைய புதுமையைக் கெடுத்துவிடுவது. கல்லூரி விழாவில் இயக்கிக் காட்டியதும், யூடியூபில் ஏற்றியதும் முன்னறிவாக, அதாவது ஏற்கெனவே வெளியில் தெரிந்ததாக, கொள்ளப்படலாம். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கும், கற்றறிந்தோர் சங்கத்தின்முன் படிக்கப்படும் கட்டுரைகளுக்கும் அச்சட்டத்தின் 31ஆம் பிரிவு பன்னிரண்டு மாத விலக்கு தருகிறது. சாதாரணக் கல்லூரிக் கண்காட்சி அதில் அடங்காது.

எனவே விண்ணப்பத்தில் கையொப்பமிடுமுன் மாணவரிடம் தேடல் குறிப்பேட்டைக் கேளுங்கள். எந்தச் சொற்களில், எந்தப் பிரிவுகளில் தேடினார், மிக நெருங்கிவந்த ஆவணங்கள் எவை, தம் கருவி அவற்றிலிருந்து எந்த உறுப்பில் வேறுபடுகிறது என்பவை அதில் இருக்க வேண்டும். வேறுபாடு எதுவும் இல்லையெனத் தெரிந்தால், வடிவமைப்பை மாற்றிக்கொள்ள அவருக்கு நேரம் இருக்கும்படி, முதல் மதிப்பாய்விலேயே இதைக் கேட்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
மாணவர் விண்ணப்பங்களுக்குத் துணைநிற்கும் ஒருவர்