மஞ்சப்பையில் வந்த எக்ஸ்ரே

மாப்ளே,

முதலில் திட்டிவிடு. பொங்கல் வாழ்த்துக்குப் பதில் இல்லை, உன் மகள் கல்யாணத்துக்கு வரவில்லை, ஏன் வரவில்லை என்றும் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் கும்பிடு பொம்மை போட்டே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். இன்றைக்கு எழுதுவதும் பாசத்தால் என்று நினைத்துவிடாதே. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். வீட்டில் சொன்னால், "நீங்கதானே எக்ஸ்ரே, ஸ்கேன் டிபார்ட்மென்டுக்கு ஹெச்.ஓ.டி., நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?" என்கிறாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். சின்னவள் நீட் எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஒட்டகம் டீன் ஆகிவிட்டான், இப்போதும் கழுத்துதான் முதலில் ரூமுக்குள் வருகிறது. எனக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. போதும்.

நமக்கு எக்ஸ்ரே ஃபிலிம் கழுவிக் கொடுப்பாரே டார்க்ரூம் அண்ணன், அவர் வந்திருந்தார், மாப்ளே.

மூன்று வாரம் இருக்கும், ஒரு செவ்வாய்க்கிழமை. ஸ்கேன் ரூம் வாசலில் கர்ப்பிணிகள் கூட்டம் வராண்டா தாண்டி நிற்கிறது. அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், தான் யாரென்று யாரிடமும் சொல்லாமல், கையில் மஞ்சப்பையோடு ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். நம் இடத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மனுஷன். டீ குடிக்க வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். "உங்க கூட்டாளி லண்டன்ல எப்படி இருக்காரு? படம் நகராம இருக்கா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்கும்போது பார்த்தால் இடது கண் இமை பாதி இறங்கியிருக்கிறது.

எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கையை வாங்கிப் பார்த்தேன். இடது உள்ளங்கையில், சுண்டுவிரல் பக்கத்துச் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. "எட்டு மாசமா தோள்பட்டை வலி சார். ஃப்ரோசன் ஷோல்டர்னாங்க. ஊசி போட்டாங்க, கரண்ட் வச்சாங்க. ஒண்ணும் கேக்கல." உனக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. நுரையீரல் உச்சியில் வந்து கை நரம்பை அழுத்தும் புற்று. அதற்குப் பேர் கொடுத்த பேன்கோஸ்ட்டும் நம்மைப் போல ரேடியாலஜிஸ்ட்தான். சாகும்வரை மறக்காத மாதிரி நம் வாத்தியார், பெரியவர், அதைச் சொல்லிக்கொடுத்தார்.

மஞ்சப்பையைக் கொட்டினேன். பிசியோதெரபி சீட்டு, மெடிக்கல் ஷாப் பில், தோள்பட்டை எம்.ஆர்.ஐ., எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே. பதினாலு மாதம் முன்னால் குடலிறக்க ஆபரேஷனுக்காக எடுத்தது. எங்கே எடுத்தது தெரியுமா? என் டிபார்ட்மென்டில். நான் உட்காரும் அறைக்கு மூன்றாவது கதவு.

வ்யூ பாக்ஸில் மாட்டினேன். ஒரு ட்யூப் மினுக்கிக்கொண்டே இருக்கும், அதை மாற்றச் சொல்லி இரண்டு வருடமாக எழுதிப் போடுகிறேன். அந்த மினுக்கலிலும் தெரிந்தது. இடது காலர் எலும்புக்குப் பின்னால், முதல் விலா எலும்பு மேலே படியும் இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெளுப்பு. வலது உச்சியோடு ஒப்பிட்டால் போதும், வேறு வித்தை எதுவும் வேண்டாம். "கள்ளன் நாலு இடத்துலதான் ஒளிவான்: உச்சி, ஹைலம், இதயத்துக்குப் பின்னாடி, டயஃப்ரத்துக்குக் கீழே" என்று பெரியவர் ஸ்கேலால் தட்டித் தட்டிச் சொல்வாரே. கள்ளன் முதல் இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

பழைய கேஸ் ஷீட்டைத் தேடி எடுக்கச் சொன்னேன். "சி.எக்ஸ்.ஆர். — என்.ஏ.டி." நெஞ்சு எக்ஸ்ரேயில் கோளாறு எதுவும் இல்லையாம். ஹவுஸ் சர்ஜன் கையெழுத்து. அந்தப் பையனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபத்து மூன்று வயது, இருபது கேஸ் ஷீட்டை நிரப்ப வேண்டும், அன்றைக்குத் தூங்கியிருக்கவும் மாட்டான். அந்தப் படம் ரேடியாலஜிஸ்ட் மேசைக்கு வரவே இல்லை. வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நம் ஊர் அரசு ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரேக்கு ரிப்போர்ட் என்று ஒன்று உண்டா? எடுத்தவர் கையில் கொடுப்பார், எழுதிக்கொடுத்த டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், முடிந்தது. இப்போது அதுவும் போய், மானிட்டரைப் போனில் போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள்.

எம்.ஆர்.ஐ. கதையையும் கேள். வெளியில் ஒரு சென்டரில் எடுத்தது. ரிப்போர்ட் சுத்தமாக, அழகாக இருக்கிறது: சுப்ராஸ்பைனேட்டஸ் டெண்டினோசிஸ், அதாவது தோள் தசைநாரில் தேய்மானம், கொஞ்சம் நீர். அதில் பொய் இல்லை. ஆனால் படத்தை ஓட்டினால், முதலில் இடம் குறிக்க எடுக்கும் லோகலைசர் படத்தில், ஓரத்தில், நுரையீரல் உச்சி தெரிகிறது. உச்சியில் அது தெரிகிறது, இப்போது எலுமிச்சம்பழ அளவில். எங்கோ ஒரு ஊரில், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஒரு எம்.ஆர்.ஐ.க்கு இத்தனை நூறு என்று கணக்குப் போட்டுப் பார்த்த ஆள், தோளைக் கேட்டார்கள், தோளைச் சொன்னான். ரிக்வஸ்டில் 'ஷோல்டர் பெயின்' என்ற இரண்டு வார்த்தைதான் இருந்திருக்கும்.

ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்தைப் பார்த்தேன். என்னுடையது இல்லை. நானும் ராத்திரி வெளி சென்டர் படங்களை ஆன்லைனில் பார்த்து டெலி ரிப்போர்ட்டிங் செய்கிறவன்தான், உனக்குத் தெரியும். என்னுடையது இல்லை என்றதும் ஒரு நிம்மதி வந்தது பார், அதை நினைத்து இன்னும் கூசுகிறேன்.

நம் மாநாடுகளில் ஒரு ஸ்லைடு தவறாமல் வரும்: லட்சம் பேருக்கு ஒரு ரேடியாலஜிஸ்ட். நானே போட்டிருக்கிறேன். இப்போது அது எனக்குச் சாக்காகத் தெரிகிறது. அண்ணன் அந்தப் படம் எடுத்த நாளில் என் டிபார்ட்மென்டில் ரேடியாலஜிஸ்ட்கள் இருந்தோம், பி.ஜி.க்கள் இருந்தார்கள். ஆள் இல்லாமல் நடந்தது இல்லை இது. எக்ஸ்ரே பார்ப்பது எங்கள் வேலை என்ற எண்ணமே இல்லாமல் நடந்தது.

உடனே உங்கள் ஊரை இழுக்காதே. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் ஆஸ்பத்திரியில் 2017இல் என்ன வெளியே வந்தது என்று எனக்கும் தெரியும். சுமார் 23,000 நெஞ்சு எக்ஸ்ரேக்கள் ரேடியாலஜிஸ்ட் கண்ணில் படாமலே போயிருந்தன, பயிற்சி இல்லாத ஜூனியர்களைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள், நுரையீரல் புற்று இருந்த மூன்று பேர் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் அங்கே 23,000 என்று ஒருவரால் எண்ண முடிந்தது. படிக்காத படம் 'படிக்காதது' என்று கணக்கில் நின்றது. இங்கே எண்ணச் சொல்லு பார்ப்போம். ரிப்போர்ட்டே இல்லாத இடத்தில் பாக்கி எங்கிருந்து வரும்?

மற்றதையெல்லாம் எண்ணுகிறோமே, அதுதான் எரிச்சல். மெஷினுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் (ஏ.ஈ.ஆர்.பி.) லைசென்ஸ் உண்டு, க்யூ.ஏ. என்று தரச் சோதனை உண்டு. நம் மேல் பட்ட கதிரை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்த் திரும்புகிறது. (உன் பேட்ஜ் ஆணியில் தொங்கியே கோர்ஸை முடித்தது, அதன் நுரையீரல் நம்மைவிட நன்றாக இருக்கும்.) கர்ப்பிணி ஸ்கேனுக்கு நிரப்பும் ஃபார்ம் எஃப் இருக்கிறது. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டத்தோடு எனக்குச் சண்டை இல்லை. பெண் சிசுவைத் தேடிக் கொன்ற ஊரில் அது வேண்டியதுதான். ஆனால் ஒரு கட்டம் விட்டுப்போனாலும் குற்றம் என்று 2019இல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்த பிறகு, என் பி.ஜி.க்கள் குழந்தையின் இதயத்தைப் பார்ப்பதைவிட அந்தப் படிவத்தைத்தான் கவனமாகப் பார்க்கிறார்கள். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் ரூமுக்கு சீல். நுரையீரலில் ஒரு கட்டம் நிரம்பியிருந்ததை விட்டுவிட்டால் கேட்க நாதியில்லை.

பி.ஜி.க்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் இந்தத் துறைக்கு எப்படி வந்தோம்? உனக்குக் கண் மருத்துவ சீட் கிடைக்கவில்லை, எனக்கு எதுவுமே கிடைக்கவில்லை. இப்போது நீட் பி.ஜி.யில் முதல் ரேங்க் கூட்டம் இங்கேதான் வந்து விழுகிறது. மூளை மின்னுகிறது. அண்ணன் எக்ஸ்ரேயை மாட்டிவிட்டு, அதில் முதல் ஆளாக வந்த பெண்ணைக் கூப்பிட்டேன். எம்.ஆர்.ஐ.யில் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்ற கை நரம்புக் கொத்து எப்படித் தெரியும், எந்த நிலையில் ஆபரேஷன் செய்யலாம் என்று கடகடவென ஒப்பித்தாள். "சரிம்மா, படத்துல எங்க இருக்கு?" என்றேன். இரண்டு நிமிடம் பார்த்தாள். "சார், ஹார்ட் கொஞ்சம் பெருசா இருக்கா?" என்றாள். அவள் தப்பில்லை. எக்ஸ்ரே போஸ்டிங் என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு லைப்ரரிக்குப் போகும் மாதம் என்று நாங்கள்தான் ஆக்கி வைத்திருக்கிறோம். காலையில் கர்ப்பிணி ஸ்கேன், மதியம் ஃபார்ம் எஃப், ராத்திரி போனில் கோச்சிங் வீடியோ. சொல்லிக்கொடுக்க வேண்டிய நான் நாலு மணிக்கு மேல் எந்த சென்டரில் இருப்பேன் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். பரீட்சைக்கு மட்டும் பழைய உறையிலிருந்து பேரியம் படங்களை எடுத்து மாட்டுகிறோம். நீ சொதப்பினாயே அந்த ஐ.வி.பி. என்ற சிறுநீரக எக்ஸ்ரே, குதிரைலாடக் கிட்னி, அது இன்னும் சர்வீஸில் இருக்கிறது. போன வருடமும் ஒருவன் சொதப்பினான்.

ஏ.ஐ. வந்துவிடும் என்று நீ ஒரு கட்டுரை அனுப்பியிருந்தாய். வரட்டும். நெஞ்சு எக்ஸ்ரேயில் ஏ.ஐ. வைத்துக் காசநோய் தேடுவதற்கு உலக சுகாதார நிறுவனமே 2021இல் சரி என்று சொல்லிவிட்டது, நல்ல விஷயம்தான். சிவப்பு வட்டத்தை கம்ப்யூட்டர் போடும். அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடுவது யார்?

இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, பட்டுத் தெரிந்தது. அண்ணன் வந்த மறுநாளிலிருந்து காலை ஏழே முக்காலுக்கு பி.ஜி.க்களை உட்காரவைத்து முந்தின நாள் நெஞ்சு எக்ஸ்ரே எல்லாவற்றையும் பார்க்கிறோம். அரை மணி நேரம் என்று ஆரம்பித்தது, ஒன்றரை மணி நேரம் ஆகிறது. முதல் வாரத்தில் மூன்று பேரைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒருவர் வந்தார். ஒரு நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இன்னொரு நம்பரை எடுத்த அம்மா, லோன் கேட்கும் ஆள் என்று நினைத்து என்னைக் கிழிகிழியென்று கிழித்துவிட்டது. சர்ஜரிக்காரர்கள் சிரிக்கிறார்கள். ஒட்டகம், "எழுத்துல எதுவும் போட்டுறாத, ஆடிட்ல மாட்டிக்குவோம்" என்கிறான். நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன்னிடம் ஒரு உதவி. நீ அங்கே ரேடியாலஜிஸ்ட் ஆக எஃப்.ஆர்.சி.ஆர். பரீட்சை எழுதியபோது 35 நிமிடத்தில் 30 எக்ஸ்ரே பார்த்தாயே, அந்த மாதிரித் தொகுப்பு நீ அங்கே பசங்களுக்கு வைத்திருப்பாய். பேர் எல்லாம் அழித்துவிட்டு அனுப்பு. பாதியாவது நார்மலாக இருக்கட்டும். என் பிள்ளைகளுக்கு வியாதியைச் சொல்ல வருகிறது, 'நார்மல்' என்று சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஒன்றுமில்லாத படத்தில் மூன்று வியாதி சொல்கிறார்கள்.

அண்ணனுக்கு பயாப்ஸி முடிவு வந்துவிட்டது, நாம் நினைத்ததுதான். முதுகெலும்பைத் தொட்டுவிட்டது, ஆபரேஷன் இல்லை. திங்கட்கிழமை ரேடியேஷன் ஆரம்பம். பதினாலு மாதம் முன்னால் பார்த்திருந்தால் என்ன என்று அவர் இதுவரை கேட்கவில்லை. கேட்பார் என்று தினமும் பயந்துகொண்டே வார்டுக்குப் போகிறேன். வேறொன்று கேட்டார்: "டார்க்ரூம்லயே கெடந்தேனே, அதனால வந்ததா சார்?" டார்க்ரூமில் கதிர் ஏதுண்ணே, நீங்கள் குடித்த பீடியைக் கேளுங்கள் என்றேன். "அதையும் அங்கதான் குடிச்சேன்," என்றார். "செவப்பு லைட்டு எரிஞ்சா ஒருத்தனும் உள்ள வர மாட்டான்ல."

ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போடு, நம்பர் தனியாக அனுப்புகிறேன். இங்கே பத்து மணிக்கு மேல் போடு, மாத்திரை போட்டுக் காலையில் தூங்குகிறார். வீடியோ கால் வேண்டாம். இமை இறங்கியதை யாரும் பார்ப்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

உன்,
அழுக்குக்கோட்டு