வாழைப்பழத்தோடு ஒரு சோறு

அன்புள்ள மகனுக்கு,

உன் வளாகத்தை ஒட்டியே மினியாபொலிஸின் சீடர்-ரிவர்சைட் பகுதி இருக்கிறது, அங்கே சோமாலியர் உணவகங்கள் நிறைய உள்ளன என்று எழுதியிருந்தாய். அவற்றில் ஒன்றுக்கேனும் போகாமல் நீ அறையில் பாணும் முட்டையுமாக நாளைக் கழிப்பது எனக்குச் சம்மதமில்லை.

இங்கே ரொறன்ரோவில், டிக்சன் வீதிப் பக்கம் ஒரு சோமாலியக் குடும்பம் நடத்தும் சிறிய உணவகத்துக்கு அப்பாவும் நானும் இப்போது அடிக்கடி போகிறோம். தாய் சமைக்கிறார், மூத்த மகள் பரிமாறுகிறாள், பாடசாலை விட்டு வரும் பையன் மேசை துடைக்கிறான். உட்கார்ந்தவுடன், நாங்கள் கேட்காமலேயே, ஆட்டெலும்பில் காய்ச்சிய 'மரக்' என்னும் சூப்பும் ஒரு துண்டுத் தேசிக்காயும் வந்துவிடும். அதற்குத் தனியாகக் காசு எடுப்பதில்லை.

அவர்கள் 'பரீஸ்' என்று சொல்லும் சோறு, இறைச்சி அவித்த சாற்றிலேயே பாஸ்மதி அரிசியை வேகவைத்து எடுப்பது. சீரகம், மல்லி, மிளகு, ஏலம், கறுவா, கராம்பு, மஞ்சள் எல்லாம் சேர்ந்த 'ஹவாஷ்' தூள்தான் அதற்கு உயிர். எங்கள் கறித்தூளில் உள்ள சரக்குகளே பெரும்பாலும் அதிலும் இருக்கின்றன என்றாலும், செத்தல் மிளகாய் முந்திக்கொள்ளாததால் ஏலமும் கறுவாவும் தெளிவாக மணக்கின்றன. உறைப்பு வேண்டியவர்களுக்குப் பச்சை மிளகாயை அரைத்த 'பஸ்பாஸ்' தனியாக வரும்; உறைப்பின் அளவைச் சாப்பிடுபவரிடமே விட்டுவிடும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சோற்றின் மேல் எலும்போடு வெந்த ஆட்டிறைச்சியும், பக்கத்தில் ஒரு வாழைப்பழமும் இருக்கும். அந்தப் பழத்தைக் கடைசியில் சாப்பிடலாம் என்று ஒதுக்கிவிடாதே. சிறிது சிறிதாக நுள்ளி, ஒவ்வொரு பிடி சோற்றோடும் சேர்த்துச் சாப்பிடு.

பாஸ்தாவும் அங்கே அன்றாட உணவுதான். 1960இல் விடுதலை பெறுவதற்கு முன் சோமாலியாவின் தென்பகுதி நெடுங்காலம் இத்தாலியரின் கையில் இருந்தது. ஷெபெல்லே, ஜூபா ஆற்றுப் படுகைகளில் ஏற்றுமதிக்கென வாழைத்தோட்டங்களை வளர்த்தவர்களும் அவர்களே. ஆனால் பாஸ்தாவோடு வரும், ஹவாஷ் மணக்கும் இறைச்சிக் குழம்பு முழுக்கச் சோமாலியர்களுடையது. காலையில் போனால், தோசை மாப்போல் புளிக்கவைத்துச் சுட்ட 'அஞ்சேரோ' கிடைக்கும். நல்லெண்ணெயும் சீனியும் சேர்த்துச் சாப்பிட்டுப் பார்.

1991இல் சியாத் பரேயின் ஆட்சி கவிழ்ந்து நாடு சிதறியபோது வெளியேறியவர்களில் அந்தத் தாயும் ஒருவர். எங்கள் ஊரைக் கேட்டார், யாழ்ப்பாணம் என்றேன். போர் என்ற சொல்லுக்கு மேல் இருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அதன்பின் பேசியதெல்லாம் பிள்ளைகளின் படிப்பையும் இங்கே கிடைக்கும் ஆட்டிறைச்சியின் தரத்தையும் பற்றித்தான். பிள்ளைகளை இருத்தி உணவூட்டும் அக்கறையோடு முன்பின் தெரியாதவர்களுக்கும் சமைக்கும் அந்த மனுசியின் கையால் சாப்பிட்டபோதெல்லாம், உன் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார், நீ அவரிடம் போகவேண்டும் என்றே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு போனால் இடம் கிடைப்பது கடினம். நோன்பு மாதத்தில் பகலில் பூட்டியிருக்கவும் கூடும். ஒரு தட்டுச் சோறு இரண்டு பேருக்குத் தாராளமாகக் காணும் என்பதால் அறைத்தோழனையும் கூட்டிப்போ. முடிவில் ஏலமும் கறுவாவும் போட்ட பால்தேநீர் கேள். சீனி நிறையப் போடுவார்கள், குறைவாக வேண்டுமென்றால் முதலிலேயே சொல்லிவிடு. போய்வந்து, இறைச்சி எந்தப் பதத்தில் வெந்திருந்தது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா