கடிகார முட்டைகளைச் செய்தவர்கள் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இயங்கிய ஃபேபர்ஜே என்ற நகை நிறுவனத்தின் முட்டை வடிவ நகைக் கடிகாரங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். அவை ஏலம் போன விலை, வாங்கியவர்கள், பரிசாகக் கொடுத்த ரஷ்ய மன்னர்கள் என்று எல்லாம் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தன. செய்தவர்களின் பெயர் மட்டும் ஓரிடத்திலும் இல்லை. நிறுவனத்தின் தலைவரான கார்ல் ஃபேபர்ஜே அந்தக் கடிகாரங்களைத் தம் கைப்படச் செய்தவர் அல்லர். செய்தவர்களின் விவரம் பெரும்பாலும் அந்தப் பொருள்களின் மீதே முத்திரையாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டும் தமிழ் வாசகர்களுக்குத் தெரிய வேண்டும் என்று விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கட்டுரையில் முதலிடம் பெற்ற ராத்ஸ்சைல்டு முட்டையையே எடுத்துக்கொள்வோம். 1902ஆம் ஆண்டைத் தாங்கிய இந்த மேசைக் கடிகாரத்தின் உடல் முழுவதும் ஒளி ஊடுருவும் இளஞ்சிவப்பு எனாமல், அதாவது உலோகத்தின் மீது உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு. மணி ஆனதும் உச்சியிலுள்ள மூடி திறக்கிறது. வைரங்கள் பதித்த சேவல் ஒன்று மேலெழுந்து, சிறகடித்து, தலையசைத்து, அலகைத் திறந்து கூவிவிட்டு உள்ளே இறங்கிக்கொள்கிறது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ராத்ஸ்சைல்டு என்ற வங்கியாளர் குடும்பத்தின் வீட்டுக்குள் இருந்ததால் வெளியுலகம் அறியாதிருந்த இது, 2007இல் லண்டனில் சுமார் 90 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. 2014 முதல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இது உருவானது மிகயீல் பெர்ஹின் என்பவரின் பட்டறையில்.

பெர்ஹின் 1860இல் ரஷ்யாவின் வடமேற்கே கரேலியா பகுதியில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தவர். அன்றைய தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து, எரிக் கொலின் என்ற ஃபின்லாந்துக்காரரின் பட்டறையில் வேலை பார்த்து, 1884இல் கைவினைஞருக்கான உயர்நிலையை எட்டி, 1886 முதல் 1903இல் இறக்கும் வரை ஃபேபர்ஜே நிறுவனத்தின் தலைமைப் பட்டறையை நடத்தினார். அரச குடும்பத்துக்காக ஈஸ்டர் பண்டிகைப் பரிசாகச் செய்யப்பட்ட முட்டைகளில் அந்தக் காலத்தவை பெரும்பாலும் அவருடைய பட்டறையில் உருவானவைதான். அவர் இறந்த பிறகு அதே பட்டறையை ஏற்றவர், மற்றொரு ஃபின்லாந்துக்காரரான ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம். நிறுவனத்தின் அமைப்பே அப்படிப்பட்டது. பட்டறைத் தலைவர்கள் தங்கள் ஆட்களை வைத்துக்கொண்டு தங்கள் பட்டறையைத் தாங்களே நடத்தினார்கள். வரைபடமும் வைரமும் தங்கமும் நிறுவனத்திடமிருந்து வந்தன. முடிந்த வேலையில் ஃபேபர்ஜே என்ற பெயருடன் பட்டறைத் தலைவரின் பெயரெழுத்துகளும் பொறிக்கப்பட்டன. வேலையாட்களை மறைக்கவேண்டும் என்று கார்ல் ஃபேபர்ஜே நினைக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அவர்களுடைய வேலையின் அருமை எனாமலில்தான் முழுமையாகத் தெரிகிறது. தங்கத்தின் மீது பொறியைக் கொண்டு அலையலையாக நுண்கோடுகளை இழுத்து, அதன்மேல் கண்ணாடிப் பொடியைப் பரப்பிச் சூளையில் வைப்பார்கள். உருகி ஒட்டியதும் வெளியே எடுத்து, மீண்டும் பரப்பி, மீண்டும் சூளையில் வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் வெப்பத்தைச் சிறிது குறைத்துக்கொண்டே போகவேண்டும். இல்லாவிட்டால் முன்பு படிந்த அடுக்கு கெட்டுவிடும். தட்டையான தகட்டில் செய்வதே கடினமான இந்த வேலையை முட்டையின் வளைவில், எங்கும் குமிழோ விரிசலோ இல்லாமல், 140க்கும் மேற்பட்ட நிறச்சாயல்களில் செய்துகாட்டியவர்கள் அவர்கள். 1899இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கலாஸ் தம் மனைவி அலெக்சாந்திராவுக்குக் கொடுத்த லில்லிப் பூங்கொத்துக் கடிகாரத்தை, இன்று அது இருக்கும் மாஸ்கோ கிரெம்ளின் அருங்காட்சியகத்தின் படங்களில் பார்த்தாலே இது புரியும். பெர்ஹின் பட்டறையின் வேலையான அதில் முள் அசைவதில்லை. வைரங்களால் ஆன பன்னிரண்டு ரோமானிய எண்களைத் தாங்கிய பட்டைதான் முட்டையைச் சுற்றி நகர்ந்து, அம்பு வடிவிலான முள்ளின் முன் நேரத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. கோடிக்கணக்கான விலையைவிட இந்த யோசனை என்னை அதிகம் கவர்கிறது.

உள்ளே ஓடும் இயந்திரத்துக்கும் தனி வரலாறு உண்டு. ஃபேபர்ஜே மேசைக் கடிகாரங்கள் பலவற்றின் இயந்திரத்தை வழங்கியது, சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசனைச் சேர்ந்த ஹைன்ரிக் மோசர் 1828இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் தொடங்கிய நிறுவனம்.

'மரபு' என்ற சொல்லைத் தங்கள் கட்டுரை பலமுறை பயன்படுத்தியிருந்தது. 1842இல் கார்லின் தந்தை குஸ்தாவ் திறந்த கடையிலிருந்து இன்றுவரை ஒரே தொடர்ச்சி இருப்பதுபோன்ற எண்ணத்தை அது உண்டாக்கியது. அது சரியல்ல. 1917 ரஷ்யப் புரட்சிக்குப் பின் 1918இல் பட்டறைகள் அரசுடைமையாயின. நாட்டைவிட்டு வெளியேறிய கார்ல் ஃபேபர்ஜே 1920இல் சுவிட்சர்லாந்தின் லொசானில் காலமானார். மகன்கள் பாரிசில் சிறிய அளவில் தொழிலைத் தொடர்ந்தபோது, அமெரிக்காவில் சாம் ரூபின் என்பவர் அதே பெயரில் வாசனைத் திரவியம் விற்கத் தொடங்கினார். 1951இல் 25,000 டாலர் பெற்றுக்கொண்டு குடும்பத்தினர் அதற்கு இசைந்தனர். பின்னர் அந்தப் பெயர் 1989இல் யூனிலீவரிடம் சென்றது. 2007இல் வேறு முதலீட்டாளர்களிடமும், 2013இல் சுரங்க நிறுவனமான ஜெம்ஃபீல்ட்ஸிடமும் போய், 2025இல் 5 கோடி டாலருக்கு மீண்டும் விற்கப்பட்டது. இப்படிக் கைமாறியவை பெயரும் உரிமையும். பெர்ஹினின் சூளையிலும் விக்ஸ்ட்ரோமின் மேசையிலும் இருந்த திறன் 1918ஆம் ஆண்டோடு கலைந்துபோனது. மரபு என்று நாம் பேசவேண்டியது அதைப் பற்றித்தான் என்பது என் கருத்து.

பெயரை அச்சிடுவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 1887ஆம் ஆண்டின் முட்டையைச் சொல்வேன். பேரரசர் மூன்றாம் அலெக்சாந்தர் தம் மனைவி மரியாவுக்குக் கொடுத்த, ஆகஸ்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம் என்ற பட்டறைத் தலைவரின் அந்தப் பொன்முட்டைக்குள் ஒரு சிறு கடிகாரம் இருக்கிறது. புரட்சிக்குப் பின் பல காலம் காணாமல்போன அது, அமெரிக்காவில் பழைய தங்கம் வாங்கி விற்கும் ஒருவரிடம் சுமார் 14,000 டாலருக்கு வந்து சேர்ந்தது. உருக்கினால் லாபம் வரும் என்று நினைத்து வாங்கியவர் அவர். ஆனால் கொடுத்த விலைக்கு மேல் தர யாரும் முன்வராததால் அது உருக்கப்படாமல் தப்பியது. பின்னர் ஒருநாள், கடிகாரத்தில் பொறிக்கப்பட்டிருந்த 'வாஷெரோன் கான்ஸ்டன்டின்' என்ற சுவிஸ் நிறுவனத்தின் பெயரை 'முட்டை' என்ற சொல்லோடு சேர்த்து இணையத்தில் தேடியபோது, காணாமல்போன முட்டையைப் பற்றி 2011இல் ஓர் ஆங்கில நாளிதழ் வெளியிட்டிருந்த கட்டுரை அவர் கண்ணில் பட்டது. 2014இல் லண்டனில் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. இயந்திரத்தைச் செய்தவர் தம் பெயரைப் பொறித்திருந்தார், ஒரு பத்திரிகை அந்தப் பெயரை அச்சிட்டிருந்தது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் அந்த முட்டை உருகிக் கட்டியாகியிருக்கக்கூடும்.

ஆகவே, தங்கள் கட்டுரையின் மீதிப் பகுதி வெளிவரும்போது, ஒவ்வொரு படத்தின் கீழும் விலைக்கும் உரிமையாளர் பெயருக்கும் முன்னதாகப் பட்டறைத் தலைவரின் பெயரையும், தெரிந்த இடத்தில் இயந்திரம் செய்தவரின் பெயரையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே வெளியான மூன்று படங்களில் முதல் இரண்டுக்கு மிகயீல் பெர்ஹின் என்றும், மூன்றாவதற்கு ஆகஸ்ட் ஹோல்ம்ஸ்ட்ரோம் என்றும் அடுத்த இதழிலேயே ஒரு வரி சேர்த்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்.