கோபுரத்துக்குப் பஞ்சமில்லை

மாங்குளம்
ஐப்பசி

அன்பின் மச்சான்,

கடிதமும் அதோடு வைத்திருந்த கணக்குத் தாளும் கிடைத்தன. முதலில் வீட்டுப் பாடு. காலபோக விதைப்பு ஒருமாதிரி முடிந்துவிட்டது. மனிசிக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு. சின்னவள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருசம், சனி ஞாயிறுக்கு வந்து போகிறாள். என்ரை ரிவி திருத்தும் கடையில் இப்ப ரிவியைவிட போன்தான் கூட வருகிறது. பழைய பெட்டி ரிவியை யாரும் கொண்டுவந்தால் காசு வாங்கவே மனம் வராமல் கிடக்கு, அவ்வளவு சந்தோசம்.

இனி உன் கதைக்கு வருவம். ரொறன்ரோவில் நாலைந்து பேர் சேர்ந்து காசு போட்டு, வன்னிக்கென்று ஒரு ரிவி தொடங்கினால் என்ன என்று கேட்டிருக்கிறாய். நல்ல எண்ணம். ஆனால் உன் கணக்கில் முக்கால்வாசிக் காசு கோபுரத்துக்கும் ட்ரான்ஸ்மிற்றருக்கும் போகிறது. வன்னியில் கோபுரத்துக்கு எப்ப மச்சான் பஞ்சம் இருந்தது?

கொக்காவிலை யோசித்துப் பார். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ரூபவாஹினி தொடங்கியது, யப்பான்காரன் கட்டிக் கொடுத்த நிலையம். தெற்குக்கு பிதுருதலாகல மலை இருந்தது. 2,524 மீற்றர் உயரத்தில் நின்று அனுப்பினால் பாதி நாட்டுக்குத் தெரியும். வடக்கில் மலைக்கு எங்கே போவது? அதனால் முறிகண்டிக்கும் மாங்குளத்துக்கும் நடுவே, ஏ9 றோட்டோரக் கொக்காவில் காட்டுக்குள், அலையை வாங்கித் திரும்ப அனுப்புகிற ஒரு நிலையம் வைத்தார்கள். இடத்தைச் சரியாகத்தான் பார்த்தார்கள் என்று நான் சொல்வேன். அங்கிருந்து வவுனியாவும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய ஒரே தூரம். இந்த அலை கண்பார்வை போலத்தான் போகும், பூமி வளைகிற இடத்தோடு சரி. இப்ப நிற்கிற கோபுரத்தின் உயரத்துக்குக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 55 கிலோமீற்றர் வரும். நீ உன் வீட்டுக் கூரைக்கு மேலே பத்து மீற்றரில் அன்ரனா கட்டினால் இன்னுமொரு 13 கிலோமீற்றர். அந்தக் காலத்தில் சனம் கமுகு மரத்தையும் பைப்பையும் சேர்த்துக் கட்டி உயர்த்தினது அந்த மிச்சத் தூரத்துக்காகத்தான்.

மன்னார்க் கரையில் இருந்தவர்களுக்கு எங்கள் கோபுரம் தேவைப்படவேயில்லை, அன்ரனாவை மேற்கே திருப்பிவிட்டார்கள். பிறகு ராமேஸ்வரத்தில் தூரதர்சன் 323 மீற்றரில் கொங்கிறீற்றுக் கோபுரமே கட்டிவிட்டான். வெக்கைக் காலத்தில் காற்று அசையாமல் நிற்கிற இரவுகளில் கடலுக்கு மேலால் அலை வளைந்து வரும், படம் கண்ணாடி மாதிரித் தெரியும். மழை பிடித்தால் வெறும் புள்ளிதான்.

கொக்காவில் கதை 1990 யூலையோடு முடிந்தது. கோபுரத்தைக் காக்கவென்று போட்ட ஆமிக் காம்ப் அடிபட்டு விழ, நிலையமும் போச்சு. உனக்குச் சொல்லத் தேவையில்லை, அதுக்குப் பிறகுதான் நீ போனாய். பிறகு வன்னிக்குள் கரண்டும் இல்லை, பற்றரிக்குத் தடை, எண்ணெய்க்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். ரிவி என்றால் ஜெனரேற்றரும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, சுப்பர் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடவிட்டு ஊரே இருந்து பார்க்கிறதுதான். என் தொழில் பிழைத்ததும் அந்த டெக்குகளால்தான். ஹெட் துடைக்க சென்ற் போத்தில்கூட எடுத்திருக்கிறேன்.

2005 மார்ச்சில் கிளிநொச்சியிலிருந்து புலிகள் இயக்கத்தின்ரை தமிழீழத் தேசியத் தொலைக்காட்சி செய்மதியில் போகத் தொடங்கியதே, அதைப்பற்றி நீயும் நானும் போனில் சண்டை பிடித்தது ஞாபகமிருக்கோ? நீ பாரிசில் உன் தமக்கை வீட்டிலிருந்து, பரந்தன் சந்தியை ரிவியில் பார்த்தேன் என்று அழுதாய். இங்கே பரந்தனுக்குப் பக்கத்துக் குடியேற்றத்தில் விளக்குக்கு எண்ணெய் இல்லை. அது இயக்கத்தின் குரல், தான் சொல்ல விரும்பியதைத்தான் அது சொல்லும், அதை நான் அப்பவும் சொன்னேன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேணும். கமெரா பிடித்தது, எடிட் பண்ணினது, செய்தி வாசித்தது என்று கனபேர் இந்த மண்ணில் வளர்ந்த பெடி பெட்டையள். 2007 ஏப்ரலில், தன் செய்மதியை அனுமதியில்லாமல் பாவிக்கிறார்கள் என்று இன்ரெல்சாட் என்ற செய்மதிக் கம்பனி அதைத் துண்டித்தது. அந்த வருசம் நவம்பர் 27 விமானக் குண்டுவீச்சில் புலிகளின் குரல் வானொலியில் வேலை செய்த சனம் செத்தது. மிச்சத்தை எழுதக் கை வரவில்லை.

யுத்தம் முடிந்து 2011 யூன் 6இல் கொக்காவிலில் புதுக் கோபுரம் திறந்தார்கள். 174 மீற்றர், அப்ப நாட்டிலேயே பெரியது. ரிவி, எஃப்.எம்., போன் எல்லாம் அதில்தான் தொங்குகிறது. இப்ப என் வீட்டில் எத்தனையோ சனல் தெளிவாக வருகிறது. அதில் எத்தனை நிமிசம் வன்னியில் எடுத்தது என்று பார், அங்கேதான் எனக்குக் கோபம் வரும். இங்கே நிருபர் என்று இருக்கிறவர்களில் கனபேருக்குச் சம்பளம் கிடையாது. செய்தி போனால் ஒரு செய்திக்கு இவ்வளவு. பெற்றோல் தன் காசு, கமெரா தன் போன். அப்படியிருக்க, துணுக்காயில் யானை ஏறி மூன்று ஏக்கர் நெல் போனதை எடுக்க அவன் ஏன் போகப்போகிறான்? அமைச்சர் வந்தால் போவான், அதுதான் போடுபடும்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீருக்குள் கிடந்தபோது, நான் பார்த்த சனலில் எங்களுக்குக் கிடைத்தது வானிலை அறிக்கைக்கு முன்னால் ஒரு சின்னத் துண்டு. எந்தக் கதவு திறக்கிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குது, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சனம் ஆளுக்காள் போன் பண்ணித்தான் தப்பியது. போன் கோபுரத்தின் பற்றரி இறங்கினதும் அதுவும் இல்லை. அப்பதான் கொக்காவில் மாதிரி ஒன்றின் அருமை தெரியும், நீ சொல்வதில் அந்தளவுக்கு நியாயம் இருக்கு. ஆனால் அதுக்கு ரிவி வேண்டாம். பற்றரி ரேடியோவும் தமிழில் உண்மையைச் சொல்ல ஒரு ஆளும் போதும்.

இன்னொன்று. தனியார் ரிவி நடத்த 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைச்சரிடம் உரிமம் எடுக்க வேணும், அலைவரிசைக்குத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு. அந்த வாசலில் நின்று எங்கள் மிச்சக் காலத்தைக் கழிக்க எனக்கு விருப்பமில்லை. உனக்கு ஆசையென்றால் வந்து நில், தேத்தண்ணி நான் வாங்கித் தாறன்.

காசை ஆளில் போடு. மாவட்டத்துக்கு இரண்டு பேர், ஒரு பெட்டையாவது இருக்க வேணும். மாதச் சம்பளம், மோட்டார்சைக்கிளுக்கு எண்ணெய், நல்ல மைக். மைக்கை மறக்காதே, இங்கே எல்லாருடைய வீடியோவிலும் காற்றுச் சத்தம்தான் பேசுது. கேபிள்காரனுக்கும் இன்ரநெற்றுக்கும் கொடுத்தால் சனம் போனில் பார்க்கும். முதல் வருசம் அரசியல் கூட்டம் ஒன்றுமே போடக்கூடாது என்று ஒரு நிபந்தனை வைப்பம். குளத்து நீர்மட்டம், நெல் விலை, காணி விடுவிப்பு, பஸ் வராத ஊர், காணாமல் போனவர்களின் தாய்மார் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து செய்கிற போராட்டம். இதையே ஒழுங்காகச் செய்தால் கோபுரம் வைத்திருக்கிறவன் எங்களைத் தேடி வருவான்.

வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். இங்கே கமெரா வேலை தெரிந்த பிள்ளைகள் மூன்று பேரைப் பார்த்து வைத்திருக்கிறேன். பொங்கலை அவர்களைக் கொண்டே நேரலை செய்து பார்ப்பம். அதுக்கு முன்னம் உன் ஆட்களிடம் கேட்டு எழுது, இரண்டு வருசத்துச் சம்பளத்துக்கு உறுதி தருவார்களா என்று. ஒரு வருசமென்றால் வேண்டாம், பிள்ளைகளை ஏமாத்தேலாது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லு.

உன்ரை பழைய வாங்குக் கூட்டாளி