பில்லில் பாட்டுக் காசு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"இன்ரர்நெற் பில்லில் பாட்டுக்கென்று மாதம் ஐந்து டொலர் சேர்க்கப் போகிறார்களாமே?" என்று கடைக்கு வருபவர்களும் தொலைபேசியில் அழைப்பவர்களும் கேட்கிறார்கள். நாங்கள் அனுப்பும் பில்லில் அப்படி ஒன்றும் இல்லை. கனடாவில் எந்த இணைய நிறுவனமும் இன்றைக்கு அப்படி வாங்குவதில்லை. ஆனால் இந்தப் பேச்சுக்கு ஒரு வேர் உண்டு. பணம் கட்டுவது நீங்கள் என்பதால் அதை விவரமாகவே எழுதுகிறோம்.

2007 முடியும் நேரத்தில் கனடியப் பாடலாசிரியர் சங்கம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. ஒவ்வொரு இணைய இணைப்புக்கும் மாதம் 5 டொலர், அதாவது வருடம் 60. அதைக் கட்டிய வீட்டார் எந்தப் பாட்டையும் யாரிடமிருந்தும் இறக்கலாம், யாருக்கும் அனுப்பலாம், வழக்கு வராது. விற்றுக் காசாக்கக் கூடாது, அவ்வளவுதான். சேரும் பணம் எழுதியவர், பாடியவர், ஒலிப்பதிவு நிறுவனம் என்று பிரிந்து போகும். ஒலிப்பதிவு நிறுவனங்களின் சங்கம் இதை ஏற்கவில்லை. பிறகு, வேண்டாம் என்பவர் விலகிக்கொள்ளலாம் என்று திட்டத்தைத் திருத்தினார்கள். அப்படியும் சட்டமாகவில்லை. பிரான்ஸில் இதைவிட ஒரு படி மேலே போனார்கள்: 2005 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் 30க்கு 28 என்று இதே போன்ற ஒரு திருத்தம் நிறைவேறி, 2006 மார்ச்சில் கைவிடப்பட்டது.

படங்களையும் அந்த ஐந்து டொலருக்குள் சேர்த்து நினைப்பவர்கள் உண்டு. திட்டம் பாட்டுக்கு மட்டுமே. புதுப்படம் இறக்குவது அன்றும் இதற்குள் வரவில்லை.

எங்கள் கருத்தைக் கேட்டால், வாங்குவது சுலபம். பில் போடும் மென்பொருளில் ஒரு வரியைச் சேர்த்தால் அரை நாளில் வேலை முடியும். வாங்கிய பணத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. தமிழ்ப் பாட்டு கேட்கும் வீடுகளுக்கு அதுவே முழுக் கேள்வி.

இதே மாதிரியான ஒரு கட்டணத்தை நீங்கள் ஏற்கெனவே கட்டியிருக்கிறீர்கள். எங்கள் கடையில் வெற்று சீடி வாங்கினால் ஒவ்வொன்றிலும் 29 சதம் இசைக்காகப் போகிறது. 1997இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தால் வந்தது இது. இறக்குமதி செய்பவர் கட்டுகிறார், அது எங்கள் கொள்முதல் விலைக்குள் வந்து, கடைசியில் உங்கள் தலையில் விடிகிறது. 100 சீடி உள்ள ஒரு டப்பாவில் 29 டொலர், அதற்கும் மேல் 13 வீதம் எச்எஸ்டி விற்பனை வரி. அந்த நூறிலும் மகளின் கலியாணப் படங்களைப் பதிந்து சொந்தக்காரருக்குக் கொடுத்தாலும் 29 சதம் 29 சதம்தான். யூஎஸ்பி, ஹார்ட் டிஸ்க், கைபேசி எதிலும் இது இல்லை. ஐபொட் போன்ற கருவிகளுக்கும் ஒரு கட்டணம் வைத்தார்கள்; 2004 டிசம்பரில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. இன்னொன்று: இந்தக் கட்டணம் தரும் அனுமதி, நீங்கள் உங்களுக்காகப் பிரதி எடுப்பதற்கு மட்டும். நண்பருக்குப் பதிந்து கொடுப்பது, இலவசமாகவே என்றாலும், அதற்குள் வராது.

சீடிப் பணம் பிரியும் முறையைப் பார்த்தால் ஐந்து டொலரின் கதியும் விளங்கும். 58.2 வீதம் பாடலாசிரியர், இசையமைப்பாளர், அவர்களின் வெளியீட்டாளருக்கு, 23.8 வீதம் பாடியவர், வாசித்தவருக்கு. 18 வீதம் ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு. முதல் பங்கு எந்த நாட்டு ஆளுக்கும் உரியது. மற்ற இரண்டும் அடிப்படையில் கனடியருக்கு. ஆகவே சென்னையில் எழுதி, இசையமைத்து, பாடிய ஒரு பாட்டில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரிமை உண்டு, பாடியவருக்கு இல்லை. சரி, உரிமை உள்ளவருக்காவது போகிறதா? எந்தப் பாட்டுக்கு எவ்வளவு என்பதை வானொலி ஒலிபரப்பு, விற்பனை ஆகியவற்றின் மாதிரிகளை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அந்த மாதிரிக்குள் தமிழ் வானொலியும் தமிழ்க் கடைகளில் விற்கும் சீடிகளும் எவ்வளவு அகப்படும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இணையத்தில் என்றால் நேராகவே எண்ணலாமே என்பார்கள். வைத்திருக்கும் ஒரு பழைய பாட்டுக் கோப்பைத் திறந்து, அதன் விவரப் பகுதியைப் பாருங்கள். பெயர் 'ட்ராக் 03'. பாடியவர் இடத்தில் ஏதோ ஓர் இணையத்தளத்தின் முகவரி. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்தில் ஓர் அடையாளம் உண்டு. எம்பி3 கோப்பில் அதற்கென ஓர் இடமும் உண்டு. கசெற்றிலிருந்து மாற்றிய கோப்புகளில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். ஒலியைக் கேட்டே பாட்டை அடையாளம் காணும் மென்பொருள் இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மூலப்பதிவு அதன் களஞ்சியத்தில் இருக்கவேண்டும். நாடா கொஞ்சம் வேகமாக ஓடிய கசெற், அறிவிப்பாளர் குரல் மேலே விழுந்த வானொலிப் பதிவு, மேடைக் கச்சேரியில் எடுத்தது என்றால் தடுமாறிவிடும். இதற்கெல்லாம் முதல் யாரோ உங்கள் இணைப்பில் போவதைத் திறந்து பார்க்கவேண்டும். எங்களிடம் அந்தக் கருவி இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை. பெரும்பாலான போக்குவரத்து மறைகுறியாக்கப்பட்டே போவதால் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

அடுத்த சிக்கல், ஆளை எண்ணாமல் இணைப்பை எண்ணுவது. ஸ்காபரோவில் மேலே ஒரு குடும்பம், பேஸ்மென்ரில் இரண்டு குடும்பம், எல்லோருக்கும் ஒரே மோடம் என்றால் மூன்று வீட்டுக்கும் சேர்த்து 5 டொலர். தனி அறையில் தனி இணைப்பு வைத்திருக்கும் மாணவரும் அதே 5 டொலர். யாழ்ப்பாணத்துப் பேரப்பிள்ளைகளுடன் வீடியோவில் கதைக்க மட்டும் இணைப்பு வைத்திருக்கும் அம்மம்மாவும் அதே 5 டொலர். கைபேசித் தரவுக்கும் விரித்தார்களானால் நாலு கைபேசியும் வீட்டு இணைப்பும் உள்ள குடும்பத்துக்கு மாதம் 25, வருடம் 300. கட்டாயம் என்றால் இப்படித்தான். விலக இடம் கொடுத்தாலோ, விலகியவர் இறக்கவில்லை என்று பார்த்துக்கொள்ளும் காவல் வேலை எங்களிடம் வந்து சேரும்.

திட்டத்துக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லவேண்டும். அன்று பாட்டை இலவசமாக இறக்கியவர்களிடமிருந்து எழுதியவருக்கு ஒரு சதமும் போகவில்லை. ஆளுக்கு ஆள் வழக்குப் போடுவதைவிட, எல்லோரிடமும் சிறிது வாங்கிப் பகிர்வது மனிதத்தன்மையான யோசனைதான்.

இணைய நிறுவனங்களிடமே கட்டணம் கேட்ட வழக்கு 2004 ஜூன் 30இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது: வெறும் குழாயாக இருப்பவர், அதில் என்ன ஓடுகிறது என்பதற்குப் பொறுப்பில்லை. 2012 ஜூலை 12இல் அதே நீதிமன்றம், ஒரு கோப்பை இறக்குவது பொதுமக்களுக்கு ஒலிபரப்புவது ஆகாது, ஆனால் ஸ்ட்ரீமிங் (இறக்கி வைக்காமல் இணையத்திலேயே கேட்பது) அப்படி ஒலிபரப்புவதுதான் என்றது. ஆகவே இரண்டுக்கும் உரிமைப் பணம் வேறு வேறு வழியில் போகிறது.

அண்மையில் செய்தியில் அடிபட்ட '5 வீதம்' வேறு விஷயம். 2024 ஜூன் 4இல் கனடாவின் ஒலிபரப்பு, தொலைத்தொடர்பு ஆணையமான சிஆர்டிசி விதித்தது அது. கனடாவில் வருடம் 25 மில்லியன் டொலரும் அதற்கு மேலும் வருமானம் உள்ள ஸ்ட்ரீமிங் நிறுவனங்களிடம், அந்த வருமானத்திலிருந்து கேட்டது. அவை அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. எங்கள் பில்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்கள் கட்டும் பாட்டுச் சந்தா கூடினால் கேட்கவேண்டியது அந்த நிறுவனத்தைத்தான்.

ஐந்து டொலர்த் திட்டம் வராததால் பழைய நிலைமையே நீடிக்கிறது: அனுமதியில்லாமல் பகிர்ந்தால் அறிவிப்பு வரும். 2015 ஜனவரியிலிருந்து, பாட்டின் உரிமையாளர் அனுப்பும் அறிவிப்பை உங்களுக்குத் தாமதமின்றி அனுப்பவும், யாருடைய இணைப்பு என்ற பதிவை ஆறு மாதம் வைத்திருக்கவும் நாங்கள் சட்டப்படி கடமைப்பட்டவர்கள். அனுப்பியவருக்கு உங்கள் ஐபி எண், அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் இலக்கம், மட்டுமே தெரியும். நீதிமன்ற ஆணை இல்லாமல் பெயரைக் கொடுக்கமாட்டோம்.

அறிவிப்பு வந்தால் முதலில் நேரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது யூரிசி எனும் உலகப் பொது நேரம். குளிர்காலத்தில் ஐந்து மணி, கோடையில் நாலு மணி கழித்தால் ரொறன்ரோ நேரம். அந்த நேரம் வீட்டில் யார் இருந்தார்கள், பேஸ்மென்ருக்கு வைஃபை கடவுச்சொல் கொடுத்தீர்களா என்று பாருங்கள். வழக்கமாகக் குற்றவாளி, கோப்புகளை ஆளுக்கு ஆள் பகிரும் டொரன்ற் மென்பொருள்தான்: மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் சாளரம் மறையும், மென்பொருள் கீழே மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்கும், இறக்கி முடிந்த பாட்டை இரவு முழுக்க ஊருக்கு ஏற்றும். அங்கே உள்ள அதன் சின்னத்தில் வலது சொடுக்கி 'வெளியேறு' கொடுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, வாடகைக்காரருக்கு விருந்தினர் வைஃபையைத் தனியாகத் திறந்து கொடுங்கள். மோடத்தை எடுத்துவந்தால் நாங்களே இலவசமாகச் செய்து தருவோம்.

'இத்தனை டொலர் கட்டினால் விட்டுவிடுவோம்' என்று கேட்கும் அறிவிப்பு 2018 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு செல்லாது. அதை நாங்கள் அனுப்பமாட்டோம். வேறு வழியில் உங்களுக்கு வந்தால் இணைப்பை அழுத்தவேண்டாம், கடன் அட்டை எண்ணைக் கொடுக்கவேண்டாம், எங்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் இணைய இணைப்புக் கடையினர், ஸ்காபரோ