அந்தச் சுவரில் சிமெண்ட் வைக்காதீர்கள் அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே பினாங்கில் நல்லபடியாக இருக்கிறேன். அம்மாவை வேளைக்கு மாத்திரை போடச் சொல்லுங்கள், நீங்களும் ஏணியில் ஏறுவதை விட்டுவிடுங்கள். தைப்பூசம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. வெள்ளித்தேர் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் தேங்காயைக் குவித்து வைத்து உடைத்தார்கள், அந்தக் கூட்டத்துக்குள் நின்றபோது அழகர் ஆற்றில் இறங்குகிற நாள் ஞாபகம் வந்துவிட்டது. சித்திரைக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்துவிடும்.

இப்போது எழுதுவது வேறு விஷயத்துக்காக. தங்கச்சி நேற்று வீட்டுப் போட்டோ ஏழெட்டு அனுப்பினாள். முற்றத்தை ஒட்டிய சுவரில் இடுப்பு உயரத்துக்குத் தரை ஈரம் ஓதமாக ஏறி, பூச்சு பொருக்கு விட்டு, உப்புப் பூத்துக் கிடக்கிறது. காண்ட்ராக்டர் வந்து பார்த்து, எல்லாவற்றையும் கொத்திவிட்டு வாட்டர்ப்ரூஃப் கலந்த சிமெண்ட் பூசிவிடலாம், மரச்சட்டம் தாங்குகிற மச்சையும் இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்றாராம், நீங்களும் பெரியப்பாவும் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறீர்களாம். அப்பா, கொடுக்காதீர்கள். போனில் சொன்னால் ‘சரிப்பா, பார்ப்போம்’ என்று சொல்லி வைத்துவிடுவீர்கள், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாகத்தான் போகும், தங்கச்சியை நிதானமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான் வேலை பார்க்கிற ஊரைப் பற்றி இதுவரை உங்களுக்கு ஒழுங்காகச் சொன்னதே இல்லை. மலேசியாவில், பினாங்குத் தீவின் பழைய துறைமுக ஊர் ஜார்ஜ் டவுன், 1786-ல் பிரான்சிஸ் லைட் என்ற வெள்ளைக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகக் கொடி ஏற்றிய இடம். கடல் காற்று நாள் முழுக்க வீசும், துணி காயப் போட்டால்கூடப் பிசுபிசுப்பு போகாது. ஊருக்கு நடுவில் ஒரே தெருவை ஒட்டினாற்போலச் சர்ச், சீனர்களின் கருணைத் தெய்வத்தின் கோயில், நம் மாரியம்மன் கோயில், 1801-ல் நம்மூர்ப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எல்லாம் நிற்கின்றன. அந்தச் சர்ச்சை 1818-ல் கட்டி முடித்தது யார் தெரியுமா, இந்தியாவிலிருந்து கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த கைதிகள். முதல் தடவை போனபோது அந்தத் தூணைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். யார் பெற்ற பிள்ளையோ, என்ன குற்றத்துக்கோ, கடல் தாண்டி வந்து செங்கலும் சுண்ணாம்பும் சுமந்திருக்கிறான், பேர்கூடத் தெரியவில்லை. தாத்தா காலத்துக் கொத்தனார்களின் பேரும் நம் ஊரில் எந்தச் சுவரிலும் இல்லைதானே.

மற்றபடி ஊர் முழுக்கக் கடைவீடுகள். கீழே கடை, மேலே குடித்தனம். வாசல் குறுகல், உள்ளே போனால் ரயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும், நடுவில் வெளிச்சத்துக்கும் மழைக்கும் திறந்த முற்றம். வாசலில் கடைக்கும் தெருவுக்கும் நடுவே கூரை போட்ட ஐந்தடி அகல நடைபாதை, அதற்கு இங்கே தமிழிலேயே அஞ்சடி என்றுதான் பேர். நம் திண்ணைதான் அது, என்ன, வரிசையாக எல்லா வீட்டுத் திண்ணையையும் இணைத்துவிட்டால் மழையிலும் வெயிலிலும் தெருக்கோடி வரை நனையாமல் நடக்கலாம். பக்கத்து வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் ஒரே பொதுச்சுவர், செங்கலும் சுண்ணாம்புக் காரையும். அந்தச் சுவரில்தான் மாடியைத் தாங்குகிற மரச்சட்டங்களின் முனை செருகியிருக்கும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வருகிறேன்.

இந்த வீடுகள் எப்படித் தப்பின என்பது ஒரு கதை. 1948-க்கு முன் கட்டியவற்றுக்கு வாடகையை ஏற்ற முடியாதபடி சட்டம் இருந்தது. வாடகை கொஞ்சம் என்பதால் சொந்தக்காரர்கள் பழுது பார்க்கவில்லை, ஆனால் குடியிருந்தவர்களை எளிதில் கிளப்பவும் முடியவில்லை, அதனால் ஊர் அழுக்கேறி அப்படியே நின்றது. 2000-ல் சட்டம் போனதும் வாடகை ஏறி, மூன்று தலைமுறையாக இருந்த தகரக் கடைக்காரர்களும் கூடை முடைகிறவர்களும் வெளியேறினார்கள். காலியான வீடுகளில் சிலர் ஜன்னலை அடைத்து, சாப்பிடுவதற்கு விற்கிற கூட்டுக்காகப் பறவை வளர்த்தார்கள், அந்த ஈரமும் எச்சமும் சுவரையும் மரத்தையும் அரித்துவிட்டன. 2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் இடம் கிடைத்தது, 259 ஹெக்டேர், ஆயிரக்கணக்கான கட்டடங்கள். அதற்கு அப்புறம்தான் எங்களைப் போன்ற ஆட்களுக்கு வேலை. இதிலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஓடும் சுவரும் தப்பின, உள்ளே இருந்த சனம் பாதிக்கு மேல் போய்விட்டது, நான் செப்பனிட்ட வீடுகளில் பல இப்போது காபி கடை, லாட்ஜ். நம் வீட்டில் நீங்கள் அடுப்பு மூட்டிக் குடியிருக்கிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது இதனால்தான்.

சரி, சுவருக்கு வருகிறேன். வந்த புதிதில், லெபு சூலியா என்ற தெருப் பக்கம் ஒரு கடைவீட்டில் எனக்குச் சூப்பர்வைசர் வேலை. நம் வீட்டுப் போட்டோவில் இருக்கிற அதே மாதிரி ஓதம், அங்கே இரண்டடி உயரம். வீட்டுக்காரருக்கு அவசரம், எனக்கோ மதுரையில் ஏழு வருஷம் சிமெண்ட் வேலை பார்த்த தைரியம். பூச்சைக் கொத்திவிட்டு ஒன்றுக்கு நாலு சிமெண்ட் பூசி, மேலே பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்துக் கொடுத்தேன், சுவர் கண்ணாடி மாதிரி இருந்தது. நாலாவது மாதம் கூப்பிட்டார்கள். ஓதம் சிமெண்ட் முடிகிற இடத்தைத் தாண்டி ஐந்தடி உயரத்துக்கு ஏறியிருந்தது. பூச்சைத் தட்டினால் டப் டப் என்று பொள்ளல் சத்தம். ஒரு இடத்தில் உளி வைத்து நெம்பினேன், சிமெண்ட் பத்தை பத்தையாகக் கழன்றது, கூடவே செங்கலின் முகமும் பிய்ந்துகொண்டு வந்தது, உள்ளே செங்கல் ஈர மாவு மாதிரி விரலில் ஒட்டியது. தரையிலிருந்து ஏறுகிற ஈரம் முன்பு சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே வந்து காய்ந்துகொண்டிருந்தது, நான் மூடி போட்டேன், அது போக இடமில்லாமல் மேலே ஏறி, கொண்டுவந்த கடல் உப்பையெல்லாம் செங்கலுக்குள்ளேயே விட்டு வெடிக்க வைத்திருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் மாடிச் சட்டத்தின் முனையும் உளுத்திருக்கும். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எத்தனையோ வருஷம் நின்ற சுவரை நாலு மாதத்தில் நான் கெடுத்துவிட்டேன்.

அதைச் சரி செய்யக் கம்பெனியில் ஒரு சீனப் பெரியவரை அனுப்பினார்கள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், எனக்கு ஹொக்கியன் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் அரைகுறை மலாய். சுண்ணாம்புக்கு மலாயில் காப்பூர் என்று பேர், அந்த ஒரு சொல்லை வைத்தே அவர் எனக்குப் பாதித் தொழில் கற்றுக்கொடுத்தார். முதலில் என் சிமெண்ட் முழுவதையும் கொத்தி எடுக்க வைத்தார். பிறகு எதுவுமே செய்யவில்லை, மாதக்கணக்கில் சுவரை நிர்வாணமாகக் காய விட்டார், வாரம் ஒரு தடவை பூத்த உப்பைத் துடைப்பத்தால் தட்டி வாரச் சொன்னார், தண்ணீர் ஊற்றிக் கழுவ விடவில்லை. அப்புறம்தான் டிரம்மில் மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் கிடந்த சுண்ணாம்பை எடுத்தார். கரண்டியில் அள்ளிக் கவிழ்த்துக் காட்டினார், வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு விழவே இல்லை. அதில் மணல் சேர்த்துப் பிசைந்து, மெல்லிசாக ஒரு கை, அது இறுகினபின் இன்னொரு கை, வெயில் படாமல் ஈரச் சாக்கு கட்டி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த கைக்குப் போனார். அவசரப்பட்டுக் கெட்டியாகப் பூசினால் வெடிப்பு விடும் என்பதை நகத்தால் சுவரில் கோடு போட்டுக் காட்டினார்.

அவர் சுவரைத் தொடுகிற விதத்தைப் பார்த்தபோது எனக்குத் தாத்தாதான் கண் முன்னால் வந்தார். ‘சுவருக்கும் வேர்க்கணும்டா’ என்று அவர் சொல்வதாக நீங்கள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் ஊற்றிக் காரை அரைத்த கதை, பத்து வயதில் நீங்கள் சுண்ணாம்புச் சட்டி தூக்கிக் கை வெந்த கதை எல்லாம் சொன்னபோது நான் காதில் வாங்கவில்லை. டிப்ளமோ படித்தவனுக்குப் பழங்கதை எதற்கு என்று இருந்துவிட்டேன். அதற்காக வருத்தப்படுகிறேன் அப்பா.

இங்கே சியோங் ஃபாட் ஸீ என்ற பெரிய வணிகரின் மாளிகை ஒன்று இருக்கிறது, ஐந்து முற்றம், சுவர் முழுக்க நீலம். பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பில் அவுரி நீலம் கலந்து அடித்தது, அந்த அவுரி அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தது. பாழடைந்து கிடந்ததைக் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் அவர் கூட்டாளிகளும் 1989-ல் வாங்கிப் பொறுமையாகச் செப்பனிட்டார்கள், 2000-ல் யுனெஸ்கோ விருது கொடுத்தது. மழை பெய்தால் அந்தச் சுவர் கருநீலமாகி, வெயில் வந்ததும் மெல்ல வெளுக்கும். நான் ஒரு நாள் மழை விட்டபின் நின்று பார்த்தேன், சுவர் காய்வது கண்ணுக்குத் தெரிந்தது.

இதையெல்லாம் பார்க்க நாம் பினாங்கு வர வேண்டியதே இல்லை. திருமலை நாயக்கர் மகாலின் தூண்கள் 1636-லிருந்து செங்கலிலும் சுண்ணாம்புச் சுதையிலும்தான் நிற்கின்றன. சூளைக்குச் சொல்கிற காளவாசல் என்ற பேரை ஒரு பகுதிக்கே வைத்திருக்கிற ஊர் நம்முடையது. ஆனால் மாசி வீதிகளில் போன வருஷம் லீவில் நடந்தபோது எனக்குத் தெரிந்த தேக்குத் தூண் வீடுகளை விரல் விட்டு எண்ணினேன், ஒரு கை போதுமாக இருந்தது. இங்கே பாரம்பரியப் பகுதிக்குள் 18 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. நம் ஊரிலோ மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டர்தான், இன்னும் கடுமை. கோபுரம் தெரிவதற்காக உயரத்தைக் காத்தார்கள், அதற்குக் கீழே இருக்கிற திண்ணையையும் முற்றத்தையும் காக்க ஆளில்லை. வெளியில் எவரும் வந்து காக்கப் போவதில்லை, அந்தச் சந்தில் மிஞ்சியிருப்பது நம் வீடும் எதிர் வீடும்தான்.

நம் வீட்டுக் கணக்கு எனக்கு இப்படித் தெரிகிறது, தப்பென்றால் சொல்லுங்கள். 1998-ல் என் காதுகுத்துக்கு முன்னால் அடிச்சுவரில் நீங்களே மூன்றடிக்குச் சிமெண்ட் பூசினீர்கள், முற்றத்துக் கல்லை எடுத்துவிட்டு டைல்ஸும் பதித்தீர்கள், அப்போது எல்லாரும் அதைத்தான் செய்தார்கள், உங்கள் மேல் குறை இல்லை. ஆனால் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தேன், ஓதத்தின் கோடு அந்தச் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு மேலேதான் ஓடுகிறது. சுவருக்கு நோவு இல்லை, அதன் வாயை அடைத்ததுதான் நோவு. மச்சையும் இறக்க வேண்டாம். உத்தரத்தை ஆணியால் குத்திப் பார்க்கச் சொன்னேன், ஒரு முனை தவிர மற்றதெல்லாம் கெட்டி என்கிறாள் தங்கச்சி. அந்த ஒரு முனையை வெட்டி ஒட்டுப் போடலாம். ஒழுகுவது மேல்தளத்துத் தட்டோடு விரிந்த இடத்தில், அதை எடுத்துவிட்டுச் செங்கல் தூளும் சுண்ணாம்பும் போட்டுத் திரும்பப் பதித்தால் போதும். பெரியப்பாவிடம் நானே பேசுகிறேன், கடை கட்டி வாடகைக்கு விடும் யோசனை அவருக்கு இருக்கிறது என்று தெரியும், கோபப்படாமல் பேசுவேன்.

இப்போது உங்களிடம் கேட்பது மூன்று காரியம். ஆள் வைத்து அடிச்சுவர்ச் சிமெண்டை மட்டும் மெதுவாக, சின்ன உளியால் கொத்தி எடுக்கச் சொல்லுங்கள், செங்கலுக்கு அடி படக் கூடாது, பிறகு அப்படியே காயட்டும், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். முற்றத்து டைல்ஸில் சுவரோரம் ஒரு வரிசையை எடுத்துவிடுங்கள். அப்புறம் கல் சுண்ணாம்பு வாங்கித் தண்ணீர் விட்டுத் தாளித்து, அந்தப் பழைய நீல டிரம்மில் தண்ணீருக்கடியில் போட்டு வையுங்கள். தாளிக்கிற பக்குவம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லுங்கள், வேறு ஆள் செய்யட்டும், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மேலே நாலு விரல் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும், வற்றினால் ஊற்றச் சொல்லுங்கள். டிரம்மை மூடிக் கல் வையுங்கள், எதிர் வீட்டுச் சின்னவன் எதையும் திறந்து பார்க்கிறவன்.

சித்திரைக்கு நான் வரும்போது அதற்கு மூன்று மாதம் ஆகியிருக்கும். தாத்தாவின் கரணையும் பூச்சைத் தேய்க்கிற மணியாசுக் கட்டையும் பரணில் சாக்குக்குள் இருக்கும், எடுத்து எண்ணெய் போட்டு வையுங்கள். முதல் கை நான் பூசுகிறேன், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து அடுத்த கைக்குச் சரி சொல்வது நீங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்