பல் கேப்புக்கு எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், டாக்டர்

தமிழ்நாட்டில் சொந்தமாக கிளினிக் நடத்தும் பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். ரூட் கேனால் முடிந்து வலி போனதும், "கேப் போட அடுத்த வாரம் வர்றேன் டாக்டர்" என்று போகிறவர்களில் பலர் திரும்பி வருவதே இல்லை என்று நீங்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அது உண்மைதான். பல்லுக்கு மேல் உறைபோல் மாட்டுகிற அந்த கேப்புக்கு ஏன் வருவதில்லை என்பதை, வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் எங்கள் பக்கத்திலிருந்து சொல்லவே இந்த மடல்.

ராத்திரி முழுக்கத் தூங்காமல், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து மெடிக்கலில் வாங்கிய மாத்திரையும் கேட்காமல் ஒருவர் உங்களிடம் வருகிறார். ரூட் கேனாலுக்கு இவ்வளவு ஆகும் என்கிறீர்கள். அந்த வலியில் எவ்வளவு சொன்னாலும் தலையாட்டுவார். பிறகு இரண்டு மூன்று நடை. நரம்பை எடுத்து, வேரின் உள்ளே சுத்தம் செய்து, அடைத்து, மேலே பூசி முடித்த பிறகுதான் "இதுக்கு மேல ஒரு கேப் போட்டுக்கணும்மா" என்ற பேச்சு வருகிறது. ஏற்கெனவே கட்டியதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இன்னொரு தொகை. அதற்குள் வலி ஓடிப்போயிருக்கும். வீட்டில் ஸ்கூல் ஃபீஸ் இருக்கும், சீட்டுப் பணம் இருக்கும். "வலிதான் போயிருச்சே, கேப்பெல்லாம் சும்மா அழகுக்கு" என்று தீர்ப்புச் சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியவரும் இருப்பார். அதோடு கதை முடிந்தது.

என் சித்தி விஷயத்தில் இதுதான் நடந்தது. கீழ்க் கடைவாய்ப் பல். ரூட் கேனால் நல்லபடியாகவே முடிந்தது. கேப்பை "முடியும்போது வந்து போட்டுக்கோங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். முடியும்போது என்றால் சித்தி அகராதியில் தீபாவளிச் செலவெல்லாம் முடிந்த பிறகு. ஆனால் தீபாவளித் தட்டை முந்திக்கொண்டது. கடித்ததும் சத்தம் கேட்டதாம், வலியே இல்லையாம். நரம்பு எடுத்த பல் ஆயிற்றே, பல சமயம் வலி தெரியாதாம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் பல் மேலிருந்து வேர்வரை நெடுக்காகப் பிளந்திருந்தது. அப்படிப் பிளந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை என்றார்கள். ரூட் கேனாலுக்குக் கட்டிய பணமும் பல்லோடு போனது. அடுத்து அந்த இடத்தில் செயற்கைப் பல் பொருத்துகிற இம்ப்ளான்டுக்குச் சொன்ன தொகையில் நாலைந்து கேப் போட்டிருக்கலாம்.

"முடியும்போது" என்ற அந்த ஒரு சொல்லைத்தான் உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடச் சொல்கிறேன். நரம்பை எடுத்ததும் பல் காய்ந்து சுள்ளியாகிவிடும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முக்கியக் காரணம் அதுவல்ல. சொத்தை பாதிப் பல்லைத் தின்றிருக்கும். மிச்சத்தின் நடுவே நீங்கள் வழி வெட்டி உள்ளே போயிருப்பீர்கள். சுற்றுச்சுவர் மட்டும் நிற்கும். மெல்லும் பாரம் முழுக்க இறங்குகிற கடைவாயில் அந்தச் சுவர் எத்தனை நாள் தாங்கும்? அயோவா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ரூட் கேனால் செய்தும் கேப் போடாத பற்கள், கேப் போட்ட பற்களைப்போல் ஆறு மடங்கு வேகத்தில் விழுந்ததாகக் கண்டார்கள். இது உங்களுக்குப் பாடமாகவே சொல்லித் தந்ததாக இருக்கும். எங்களுக்கு யார் சொல்வது? கடைவாய்ப் பல்லில் கேப் என்பது சிகிச்சையின் கடைசிப் பாதி என்றால், முதல் பாதிக்கு மட்டும் எப்படி விலை சொல்கிறீர்கள்?

முழுத் தொகையைச் சொன்னால் ஆள் எழுந்து அடுத்த தெரு கிளினிக்குக்குப் போய்விடுவார் என்பீர்கள். போவார்தான். நீங்கள் ஒருவர் மட்டும் சொன்னால் நஷ்டம் உங்களுக்கே என்பதும் புரிகிறது. அதனால்தான் ஒருவருக்குத் தனியாக எழுதாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஊருக்கு ஊர் உங்கள் சங்கக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே கூடி, ரூட் கேனாலும் கேப்பும் சேர்த்தே தொகை சொல்வது என்று முடிவெடுங்கள். வேண்டுமானால் தவணையாக வாங்குங்கள். நகைக்கடையிலும் பாத்திரக்கடையிலும் மாதாமாதம் கட்டிப் பழகிய சனம் நாங்கள். உங்களிடம் கட்ட மாட்டோமா? இன்சூரன்ஸ் கைகொடுக்கும் என்று எங்களை விட்டுவிடவும் முடியாது. வழக்கமான மருத்துவக் காப்பீடுகள் ஆஸ்பத்திரியில் படுக்காமல் பார்க்கிற பல் வைத்தியத்துக்குப் பணம் தருவதில்லை.

எல்லாப் பல்லுக்கும் கேப் தேவையில்லை என்பதையும் நீங்களே சொல்லுங்கள். முன்பல்லில் சின்ன ஓட்டை போட்டு ரூட் கேனால் செய்திருந்து, மீதிப் பல் முழுசாக இருந்தால் நல்ல அடைப்பே போதும் என்று சொல்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒரு பல்லுக்கு "வேண்டாம்" என்று சொன்னவர் இன்னொன்றுக்கு "கட்டாயம்" என்றால் நம்பிவிடுவோம். கேப் போட சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர், மேலே இரண்டு மில்லிமீட்டர்வரைகூடப் பல்லைத் தேய்க்க வேண்டியிருக்கும், தேய்த்தது திரும்ப வளராது என்பதைத் தேய்ப்பதற்கு முன்னால் சொல்லுங்கள்.

அடுத்து, என்ன பொருள் என்பது. "மெட்டல், செராமிக், ஜிர்கோனியா, எது வேணும்?" என்று ஹோட்டலில் டிபன் கேட்பதுபோல் ரிசப்ஷனில் கேட்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்? மெட்டலுக்கு மேல் செராமிக் பூசிய கேப்பில், உள்ளே இருப்பது பெரும்பாலும் நிக்கல் குரோமியம் கலவை. கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள் இங்கே எத்தனை பேர்! நிக்கல் ஒத்துக்கொள்ளுமா என்ற அந்த ஒரு கேள்வியை மெட்டல் போடும் முன் கேட்க எவ்வளவு நேரமாகும்? அதே கேப்பில் வருஷங்கள் போனால் ஈறோரம் கறுப்புக் கோடு தெரியலாம். சிரித்தால் தெரியாத கடைசிப் பல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முழு மெட்டல் கேப்புக்குப் பல்லைக் குறைவாகத் தேய்த்தால் போதும், உடையவும் உடையாது. கடைசிப் பல்லுக்கு அதுவே தாராளம் என்றால் அதையும் சொல்லுங்கள், விலை குறைவு என்பதற்காக மறைக்க வேண்டாம்.

ஜிர்கோனியாவுக்கு கேரண்டி கார்டு என்று ஒன்று தருகிறீர்கள். பத்து வருஷம், பதினைந்து வருஷம் என்று போட்டிருக்கும். அந்த கேரண்டி கேப்புக்குத்தான், உள்ளே இருக்கும் பல்லுக்கு இல்லை. கேப்பும் பல்லும் சேர்கிற ஓரத்தில் மறுபடி சொத்தை பிடிக்கும், அங்கே பிரஷ்ஷோடு நூலும் போட்டுச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கார்டைக் கொடுக்கும் கையோடு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுங்கள். கேப் போட்டாகிவிட்டது, இனி அந்தப் பல்லைப் பார்க்கவே வேண்டாம் என்றுதான் எங்களில் பலர் இருக்கிறோம்.

தற்காலிக கேப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை ஒட்டுகிற சிமென்ட்டில் பல சமயம் கிராம்பு வாசம் அடிக்கும். கிராம்பு எண்ணெயில் இருக்கிற யூஜினால்தான் அது. எங்கள் ஆச்சிகள் சொத்தைப் பல்லில் பஞ்சு நனைத்து வைத்ததும் அதையேதான். வாசம் பழகியதாக இருப்பதால் அசல் கேப்பே வந்துவிட்டதுபோல் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. இது லேபிலிருந்து கேப் வரும்வரை தாங்கத்தான், அந்தப் பக்கம் முறுக்கும் கடலைமிட்டாயும் வேண்டாம், கழன்றால் அன்றைக்கே வாருங்கள் என்று ஒரு சீட்டில் தமிழில் அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, அசல் கேப்பை ஒட்டும் நாளில் அவசரப்படாதீர்கள். நீலக் காகிதத்தை வைத்துக் கடிக்கச் சொல்கிறீர்கள். ஊசியால் பாதி வாய் மரத்துக் கிடக்கும்போது "சரியா இருக்கா?" என்றால் என்ன சொல்வது? இருக்கிறது என்போம். வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடும்போதுதான் அந்த ஒரு பல் முந்திக்கொண்டு இடிப்பது தெரியும். கேப் ஒட்டி ஒரு வாரத்தில் காசு வாங்காமல் ஒருமுறை கடி பார்த்து அனுப்புவதையும் அந்த முதல் நாள் தொகைக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். எந்தப் பல், என்ன பொருள், எந்த லேப், மொத்தம் எவ்வளவு என்று உங்கள் லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வீட்டில் தீர்ப்புச் சொல்கிற பெரியவரிடம் நாங்கள் அதைக் காட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மேல் வரிசையில் இரண்டு கேப்போடு வாழும் ஒருத்தி,
விருதுநகர்